கண் நலமும் அடுப்பங்கரையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வரவு செலவுக் கணக்கும் செயலறிக்கையும் வாசிக்கப்பட்டு முடிந்த பின்னர், உடல் நலம் பற்றி ஒரு சொற்பொழிவு இருக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவினர் விரும்பினார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருள் கண். கண்ணைக் காக்கும் பயிற்சி, கண்ணைக் காக்கும் உணவு, இவ்விரண்டாலும் காக்க முடியாதவற்றுக்கு நாம் செய்ய வேண்டியவை ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாகப் பேசுவோம்.

நமது பழவேற்காட்டில் கண்ணை நம்பாத தொழில் எது? ஏரியில் படகு விடுகிறவர் நீரின் நிறம் பார்த்து ஆழம் அறிகிறார். கரையில் வலை செப்பனிடுகிறவர் அறுந்த கண்ணிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடிப் பின்னுகிறார். வலையின் ஓட்டைக்கும் ‘கண்’ என்றுதான் நம் முன்னோர் பெயரிட்டார்கள். வீட்டுத் திண்ணையில் நம் பெண்கள் பனங்குருத்தை நூல்போல் வகிர்ந்து, சாயம் ஏற்றிப் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டியிருந்த 17ஆம் நூற்றாண்டில் இத்துறைமுகத்தின் பெயரைக் கடல் கடந்து கொண்டுசென்ற கட்டம் போட்ட துணியும், இழை எண்ணி நெய்த கண்களின் உழைப்பே. ஆகவே இவ்வூரில் ஒருவருக்குப் பார்வை மங்கினால், அவருடைய கைத்தொழிலும் அன்றே மங்கத் தொடங்குகிறது.

முதலில் கண் எவ்வாறு பார்க்கிறது என்பதைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். கருவிழி வழியே புகும் ஒளியை உள்ளிருக்கும் சிறு வில்லை குவித்து, பின்புறத்து விழித்திரையில் விழச் செய்கிறது. அருகில் உள்ளதைப் பார்க்கையில், வில்லையைச் சுற்றியுள்ள நுண்தசை சுருங்க, வில்லை தன் இயல்பான நெகிழ்ச்சியால் தடித்துக் கொள்கிறது. தொலைவைப் பார்க்கையில் தசை தளர, வில்லை மெலிகிறது. விழிக்கோளத்தை இடமும் வலமும் மேலும் கீழும் திருப்புவதற்கு வெளியே 6 தசைகள் தனியாக உள்ளன. வயது ஏற ஏற வில்லை தன் நெகிழ்ச்சியை இழந்து இறுகுகிறது. ஏறத்தாழ 40 வயதில் செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடிக்கிறோம்; ஊசியில் நூல் கோக்கப் பேரப் பிள்ளையைக் கூப்பிடுகிறோம். நம் முன்னோர் இதனை ‘வெள்ளெழுத்து’ என்றனர். இது நோயன்று. தலை நரைப்பதைப் போல எல்லோருக்கும் வருவது.

இப்போது பயிற்சிக்கு வருவோம். கண்பயிற்சி செய்தால் கண்ணாடியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்ற பேச்சு நெடுநாளாக உலவி வருகிறது. அமெரிக்க மருத்துவர் வில்லியம் பேட்ஸ் என்பவர் 1920இல் கண்ணாடியின்றி நற்பார்வை பெறும் முறை என்று ஒரு நூலை வெளியிட்டார். கண்ணின் குவியத்தை மாற்றுவது வில்லை அல்ல, வெளித்தசைகளே. அவற்றின் இறுக்கத்தைப் போக்கினால் பார்வை சீராகும் என்பது அவர் கூற்று. அம்முறையைப் பின்பற்றி டாக்டர் ஆர். எஸ். அகர்வால் பல நூல்கள் எழுதினார். புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் அவர் வழிவந்த கண்பயிற்சிப் பள்ளியை நாடித் தமிழகமெங்கும் இருந்து மக்கள் சென்றதுண்டு. சீனாவிலோ 1963 முதல் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பு நேரத்திலேயே கண்ணைச் சுற்றி அழுத்தித் தேய்க்கும் பயிற்சியைத் தவறாமல் செய்து வந்தனர்.

இவற்றால் விளைந்தது என்ன? வில்லையே குவியத்தை மாற்றுகிறது என்பதைக் கண் மருத்துவம் ஐயத்திற்கு இடமின்றி நிறுவிவிட்டது. இறுகிப்போன வில்லையை எந்தப் பயிற்சியும் இளக்கித் தராது. நீண்டுவிட்ட விழிக்கோளத்தைக் குறுக்கிக் கிட்டப்பார்வையைப் போக்கவும் பயிற்சியால் இயலாது. தலைமுறை தலைமுறையாகப் பயிற்சி செய்த சீனாவில்தான் கிட்டப்பார்வை உள்ள மாணவர்கள் உலகிலேயே மிகுதியாக இருக்கிறார்கள். ஆகவே கண்ணாடி அணிய வேண்டிய பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கித் தராமல் பயிற்சியை மட்டும் சொல்லிக் கொடுப்பது, அப்பிள்ளையின் கல்விக்குக் குறுக்கே நிற்பதாகும்.

அப்படியானால் பயிற்சியே வீணா என்று கேட்பீர்கள். வீணன்று. கண்ணுக்கு ஓய்வு தருவதும், வறட்சியைத் தடுப்பதும் அதன் வேலை. அந்த அளவில் அது நல்ல பயனைத் தருகிறது. எல்லோரும் வீட்டிலேயே செய்யக்கூடியவை சில:

முதலாவது, தொலைநோக்கு. ஓலை முடைந்தாலும், வலை பின்னினாலும், கணினியிலோ கைப்பேசியிலோ கண் பதித்திருந்தாலும், 20 நிமிடத்திற்கு ஒருமுறை தலை நிமிர்ந்து 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை 20 விநாடி பாருங்கள். உள்தசை தளர்ந்து ஓய்வு பெறும். நகரத்தில் இருப்போர் இதற்கு எதிர்வீட்டுச் சுவரைத்தான் பார்க்க வேண்டும். நமக்கோ கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஏரி விரிந்து கிடக்கிறது.

இரண்டாவது, இமைத்தல். சாதாரணமாக நிமிடத்திற்கு 15 முறையளவில் இமைக்கும் நாம், திரையை உற்று நோக்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. கண்ணீர்ப் படலம் காய்ந்து எரிச்சலும் உறுத்தலும் உண்டாகின்றன. இமைகளை மெல்ல முழுவதுமாக மூடித் திறப்பதை அவ்வப்போது 10 முறை செய்தால் ஈரம் மீளும்.

மூன்றாவது, உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்து, விழியின்மேல் அழுத்தம் படாதவாறு மூடிய கண்களைப் பொத்தி ஓரிரு நிமிடம் இருத்தல். பார்வையின் அளவை இது மாற்றாது; களைப்பு தணியும்.

நான்காவதாக, படிக்கும்போது இரு கண்களும் ஒருங்கே உள்நோக்கித் திரும்ப இயலாமல் எழுத்து இரட்டையாகத் தெரியும் சிலருக்குப் பயிற்சியே உரிய சிகிச்சை. ஆனால் அதனைக் கண் மருத்துவர் பரிசோதித்து, அவர் சொல்லும் முறையில் செய்ய வேண்டும்.

செய்யக்கூடாத பயிற்சியும் ஒன்றுண்டு. காலைக் கதிரவனை நேரே உற்றுப் பார்த்தால் கண் வலுப்பெறும் என்று சிலர் சொல்கிறார்கள். கேட்காதீர்கள். அவ்வொளி விழித்திரையின் நடுப்பகுதியைச் சுட்டுவிடும். அங்கு ஏற்படும் சேதம் சில நேரங்களில் மாறுவதே இல்லை. ஏரியில் நாள் முழுவதும் இருப்போர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். மேலிருந்து வரும் வெயிலும் நீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலும் சேர்ந்து கண்ணின் வெள்ளைப் பகுதியில் சதை வளரச் செய்கின்றன. அச்சதை கருவிழிமேல் ஏறினால் பார்வையை மறைக்கும். அகன்ற விளிம்புள்ள தொப்பி, அல்லது நெற்றிக்கு மேல் நிழல் விழுமாறு கட்டிய துண்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி ஆகியவை ஆடம்பரம் அல்ல, தொழிற்கருவிகள்.

பிள்ளைகளுக்கான செய்தி இதற்கு நேர்மாறானது. அவர்கள் வெளியே வர வேண்டும். சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் கழித்த பிள்ளைகளிடையே 3 ஆண்டுகளில் கிட்டப்பார்வை தோன்றியது 30.4 விழுக்காட்டினருக்கு, வழக்கம்போல் இருந்தவர்களிடையே அது 39.5 விழுக்காடு. கண்ணைத் தேய்க்கும் பயிற்சி தராத பலனைப் பகல் வெளிச்சம் தந்திருக்கிறது. மாலை அஸருக்குப் பின் பிள்ளைகள் கரையில் பந்து விளையாடுவதைக் கண்டால் அதட்டி வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். கண்ணுக்குத் தேவையான சத்துக்களில் முதலிடம் வைட்டமின் ‘ஏ’வுக்கு. அது குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும். பின்னர் வெள்ளைவிழியில் சோப்பு நுரை போன்ற புள்ளி தோன்றும். முற்றினால் கருவிழி உருகிப் பார்வையே போய்விடும். நம் நாட்டில் குழந்தைகள் இவ்வாறு பார்வை இழப்பதைத் தடுக்க 1970இல் அரசு ஒரு திட்டம் தொடங்கியது. 9 மாதத்தில் முதல் தவணை, அதன்பின் 5 வயது வரை 6 மாதத்திற்கு ஒருமுறை சொட்டு மருந்து என்பது அதன் முறை. அங்கன்வாடியில் கேட்டு இத்தவணைகளைத் தவறவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கு அச்சத்து கடையில் விற்கும் விலையுயர்ந்த டப்பாவில் இல்லை. கொல்லையில் நிற்கும் முருங்கையில் இருக்கிறது. முருங்கைக்கீரை, முளைக்கீரை, அரைக்கீரை, பரங்கிக்காய், கேரட், பப்பாளி, மாம்பழம் ஆகிய பச்சையும் மஞ்சளுமான எல்லாவற்றிலும் அது உண்டு. ஓலைக்காக நாம் நாடும் பனைமரத்தின் பழுத்த பழத்து மஞ்சள் சதையிலும் உண்டு. அச்சத்து கொழுப்பில் கரைவது. ஆதலால் கீரையைச் சிறிது எண்ணெயில் தாளித்தோ, தேங்காய் சேர்த்தோ, பருப்போடு கூட்டியோ உண்டால்தான் உடலில் சேரும். நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் மற்றச் சத்துகளும் போய்விடும்.

மீன் நம் ஊருக்குக் கிடைத்த செல்வம். ஆயினும் பெரிய மீனுக்கே மதிப்பு என்று எண்ணிச் சிறு மீனைத் தள்ளிவிடுகிறோம். வங்கதேசத்து ஏழை வீடுகளில் உண்ணப்படும் மோலா என்னும் விரலளவு மீனை ஆராய்ந்தபோது, அதன் வைட்டமின் ‘ஏ’ பெரும்பாலும் கண்ணிலும் குடற்பகுதியிலுமே இருப்பது தெரிந்தது. தலையோடு சேர்த்து உண்ணக்கூடிய சிறு மீனுக்கு உள்ள சிறப்பு அது. நெத்திலியும் மத்தியும் விலை குறைந்தவை என்பதால் சத்துக் குறைந்தவை அல்ல. அதேவேளையில், மீனெண்ணெய் மாத்திரை விழுங்கினால் முதுமைக் கண்நோய் தடைபடும் என்ற விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. 2013இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்று, விழித்திரை நடுப்பகுதி தேயும் முதுமை நோய் முற்றுவதைத் தடுப்பதில் அம்மாத்திரையால் கூடுதல் பயன் இல்லை என்றே கண்டது. மாத்திரைக்குச் செலவழிப்பதைக் குழம்புக்குச் செலவழியுங்கள்.

தாய்மார்களே! இன்று நம் கண்களுக்கு எதிரியாக அடுப்பங்கரையில் உட்கார்ந்திருப்பது சத்துக்குறைவு மட்டுமன்று. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் அதைவிடப் பெரிய எதிரிகள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. வயது வந்தோரில் அது 11.4 விழுக்காடு. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை விழித்திரையின் மயிரிழை போன்ற குழாய்களைப் பல ஆண்டுகளாகச் சத்தமின்றி அரிக்கிறது. பிரிட்டனில் 1998இல் முடிவு வெளியான நீண்ட ஆய்வில், சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு இத்தகைய நுண்குழாய்ச் சேதம் 25 விழுக்காடு குறைந்தது.

அதை வீட்டில் எப்படிச் செய்வது? நம் சமையலை மாற்றத் தேவையில்லை. அளவை மாற்றினால் போதும். தட்டில் சோறு மலைபோல் குவிந்து, காய் ஓரத்தில் ஒட்டியிருப்பது நம் வழக்கம். காயும் கீரையும் பாதித் தட்டு, மீனோ பருப்போ கால் தட்டு, சோறு கால் தட்டு என்று வையுங்கள். வறுவலைக் குறைத்துக் குழம்பைக் கூட்டுங்கள். ஒருமுறை பொரித்த எண்ணெயை மறுபடியும் மறுபடியும் காய்ச்சாதீர்கள். இரவு உணவாக மைதாப் பரோட்டா வாங்கிவரும் பழக்கத்தை வாரத்தில் ஒரு நாளாகச் சுருக்குங்கள். கருவாடு நம் நாவுக்கு இனியது. ஆனால் உப்பின் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை கழுவி, குழம்புக்குத் தனியாக உப்புப் போடாமல் சமைத்தால் சுவையும் கெடாது. கொதிப்பு உள்ளவர் வீட்டில் அதுவும் எப்போதாவது ஒருமுறை போதும்.

ரமளான் மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரிசியும் பருப்பும் வெந்தயமும் சேர்ந்த நோன்புக் கஞ்சி நல்ல உணவு. அதனருகில் வரிசையாக அடுக்கப்படும் சமோசா, வடை, பஜ்ஜி, சாயம் கலந்த சர்பத் ஆகியவைதான் நோன்பு தந்த நலனை அந்தி நேரத்தில் பறித்துக் கொள்கின்றன. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் நோன்பு தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரைக் கண்டு, மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உணவைப் போலவே அடுப்பும் கண்ணைத் தொடுவதுண்டு. விறகுப் புகையில் நெடுங்காலம் சமைத்த பெண்களுக்குக் கண்புரை மிகுதியாக வருவதை இந்தியாவிலும் நேபாளத்திலும் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. எரிவாயு இருந்தும் சிக்கனம் கருதி ஓலை மட்டையும் சுள்ளியும் எரிக்கும் வீடுகளில், அடுப்பைத் திறந்தவெளிக்கேனும் மாற்றுங்கள்.

பெரியோர்களே! பயிற்சியும் உணவும் இவ்வளவு செய்யும். இவற்றால் ஆகாதவற்றையும் இப்போது சொல்லியாக வேண்டும். ஏனெனில் பயிற்சி செய்கிறோம், கீரை சாப்பிடுகிறோம் என்ற நிம்மதியிலேயே பரிசோதனையைத் தள்ளிப்போட்டுப் பார்வையை இழந்தவர்கள் பலர்.

வந்துவிட்ட கண்புரையைக் கீரையால் கரைக்க முடியாது. அதற்கு அறுவை சிகிச்சை ஒன்றே வழி. 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதுக்கு மேற்பட்டோரின் பார்வையிழப்பில் 66.2 விழுக்காட்டிற்குக் கண்புரையே காரணம் என்று தெரிந்தது. மீட்டெடுக்கக் கூடிய பார்வையை மீட்காமல் இருளில் இருந்தவர்கள் அத்தனைபேர். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஏழை எளியோருக்குப் புரை நீக்கும் பணியில் உலகுக்கே முன்மாதிரியாக வளர்ந்தது. நமக்கு அருகே சென்னை எழும்பூரில் 1819இல் தோன்றிய அரசு கண் மருத்துவமனை உலகின் மிகப் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்று. பொன்னேரி சென்று ரயில் ஏறினால் எட்டிவிடும் தூரம்தான்.

சர்க்கரையால் வரும் விழித்திரை நோயும், கண் நீர் அழுத்த நோயும் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. ‘எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது’ என்பது இவ்விரண்டிலும் பொருந்தாத பேச்சு. சர்க்கரை உள்ளவர், பார்வை தெளிவாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைச் சோதிக்க வேண்டும்.

ஓலை வேலை செய்வோருக்குத் தனி எச்சரிக்கை ஒன்று. ஓலை நுனி கண்ணில் கீறினால் சிறு கீறல்தானே என்று விட்டுவிடாதீர்கள். தென்னிந்தியாவில் இலை, ஓலை, வைக்கோல் கீறலால் பூஞ்சை புகுந்து கருவிழியில் புண் உண்டாவது மிகுதி. அதன்மேல் தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் விடுவது புண்ணை முற்றச் செய்யும். மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து அதனினும் கேடு; பூஞ்சையை வளர்த்துவிடும். நல்ல நீரால் கழுவி, அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். திடீரென்று பார்வை மறைந்தாலும், கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலும், கடும் வலியோடு சிவந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கலாகாது.

இறுதியாக வெள்ளெழுத்துக்கு வருவோம். நம் ஊரில் ஓலை முடைவதில் தேர்ந்த பெண்கள் 45, 50 வயதில் ‘கண் தெரியவில்லை’ என்று பின்னலை மூலையில் வைத்துவிடுவதைப் பார்க்கிறோம். விதி என்று அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், வீட்டாரும் ஏற்றுக்கொள்கிறார்கள். கையின் வித்தை போகவில்லை, சிறு வருமானமும் தன்மானமும் மட்டும் போய்விடுகின்றன. அசாமில் தேயிலை பறிக்கும் 40 வயது கடந்த 751 தொழிலாளரிடையே நடந்து 2018இல் வெளியான ஆய்வில், கிட்டத்துப் பார்வைக்குக் கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு, பெறாதவர்களைவிடச் சுமார் 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. வங்கதேசத்துச் சிற்றூர்களில் நெசவு, தையல் போன்ற தொழில் செய்வோரிடையே நடந்து 2024இல் வெளியான ஆய்விலோ, கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் மற்றவர்களைவிடச் சுமார் 33 விழுக்காடு மிகுந்தது. எந்தப் பயிற்சியும் எந்தக் கீரையும் செய்ய இயலாததைச் சில நூறு ரூபாய்க் கண்ணாடி செய்திருக்கிறது. பெண் கண்ணாடி போட்டால் அழகு குறையும், வயது தெரியும் என்ற கூச்சத்தை நாம் கைவிட வேண்டும்.

ஆகவே ஜமாஅத்தாரிடம் நாம் வைக்கும் வேண்டுகோள்கள் இவை. 40 வயது கடந்த ஆணும் பெண்ணும் ஆண்டுதோறும் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை, கொதிப்பு அளவைத் தெரிந்துகொள்ளாத ஒருவரும் நம் தெருக்களில் இருக்கலாகாது. கரும்பலகை தெரியாத பிள்ளைகளை ஆசிரியர் சொல்வதற்கு முன் பெற்றோர் கண்டறிய வேண்டும். கண் சிகிச்சை முகாம் அருகில் எங்கு நடந்தாலும் ஜும்ஆவுக்குப் பின் அறிவிக்க வேண்டும். பெண்கள் தயங்காமல் வரத்தக்க ஏற்பாடும் அத்துடன் இருக்க வேண்டும். தனித்திருக்கும் முதியோரை எழும்பூர் வரை உடன் அழைத்துச் செல்ல ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு இளைஞர்கள் முன்வந்தால், புரை முற்றிய கண்கள் பல இவ்வாண்டிலேயே திறக்கும். இதற்குப் பெரும் நிதி வேண்டாம். ஒரு நாள் பொழுதும் பேருந்துக் கட்டணமும் போதும்.

கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். தட்டில் கீரையையும் சிறு மீனையும் கூட்டுங்கள். காலத்தே பரிசோதித்துக்கொள்ளுங்கள். இம்மூன்றில் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பதை நினைவில் வையுங்கள். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், விட்ட பின்னலை மீண்டும் கையிலெடுத்த தாய்மார்கள் நம்மிடையே பலர் இருக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன்.